நாலாம் படி நெசவுக்காரி

டாலஸுக்குப் பக்கத்தில் ரிச்சர்ட்சனில் நாங்கள் இருந்த அபார்ட்மெண்டில் கொலு வைக்கப் படி கிடையாது. காபி டேபிள், சூட்கேஸ்கள், என் கணவர் வேலை பார்த்த டெலிபோன் கம்பெனியிலிருந்து தூக்கி வந்த அட்டைப்பெட்டிகள் எல்லாவற்றையும் அடுக்கி, மேலே ஒரு வெள்ளை விரிப்பைப் போட்டு மூடிவிடுவேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எந்த அம்பாளும் தூக்கிப் பார்த்ததில்லை. ஊரிலிருந்து விமானத்தில் வந்து சேர்ந்தது ஒரு மரப்பாச்சி ஜோடி, ஒரு செட்டியார் தம்பதி, மூக்கு உடைந்த பிள்ளையார், வராகத்தை வழியில் பறிகொடுத்த தசாவதாரம். வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர்க்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். எண்பதுகளின் டெக்சஸில் அதற்கு ஒரே வழி, வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கிற கராஜ் சேல்தான். அப்படித்தான் என் கொலுவில் ஒரு பீங்கான் நாயும் தொப்பி போட்ட கௌபாயும் பரம பக்தர்களாகச் சேர்ந்திருந்தார்கள்.

நெசவுக்காரியும் அப்படி வந்தவள்தான்.

இரண்டு தெரு தள்ளி ஒருவர், இறந்துபோன தன் அம்மாவின் வீட்டைக் காலி செய்வதற்காகச் சாமான்களைப் புல்தரையில் பரப்பியிருந்தார். உப்பு டப்பா, மிளகு டப்பாக்களுக்கு நடுவே அவள் குப்புறக் கிடந்தாள். உள்ளங்கை நீளம், சுட்ட மண். மண்டி போட்டு உட்கார்ந்த பெண். இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை, அதிலிருந்து எதிரே ஒரு கம்பம் வரை போகிற சின்னத் தறி, கம்பத்தின் மேல் ஒரு பறவை. காதில் வட்டமாகப் பெரிய தோடு. நெற்றி புருவத்திலிருந்து நேராகப் பின்னால் சரிந்து போயிற்று. பாவாடை மடிப்புகளில் மட்டும் கொஞ்சம் நீலம் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா ஏதோ ஒரு காலத்தில் மெக்சிகோ போனபோது கொண்டுவந்தது, பொம்மைதான் என்றார் அந்த மனிதர். எனக்கு வேண்டியதும் பொம்மைதான்.

முகம் மட்டும் கொஞ்சம் உறுத்தியது. தறியில் உட்கார்ந்தவள் தறியைப் பார்க்க வேண்டும். இவள் தலையை நிமிர்த்தி, வாயை லேசாகத் திறந்து, எங்கிருந்தோ யாரோ கூப்பிட்டது போல இருந்தாள். நான் திரும்பி என் பின்னால் பார்த்தேன். அங்கே ஒரு புல்வெட்டும் இயந்திரம் நின்றது.

அவள் முதுகில் ஒரு சிறு குழாய் இருந்தது, மண் அடைத்துக்கொண்டு. என் கணவருக்கு எங்கேயாவது ஓட்டை அடைத்திருந்தால் கை சும்மா இருக்காது. செய்தித்தாளை விரித்துவைத்து, ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, ஞாயிற்றுக்கிழமை முழுக்க நோண்டினார். சாம்பல் நிறத்தில் நைசான மண் வந்தது, நடுநடுவே பொடியாகச் சிப்பித் துண்டுகள். சுத்தமான பிறகு குழாயில் வாயை வைத்து ஊதினார். அடித்தொண்டையிலிருந்து வருகிற மாதிரி ஒரு ஒலி வந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம். ரிசீவரை எடுத்து டயல் டோனைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சுருதி அதைவிடக் கொஞ்சம் மேலே இருக்கிறது என்று அறிவித்தார்.

நல்ல மண்ணைக் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை. டெக்சஸ் களிமண்ணில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த என் துளசித் தொட்டியில் கொண்டுபோய்க் கொட்டினேன். இரண்டு வாரத்தில் துளசி தளதளவென்று கிளம்பிவிட்டது. தினம் காலையில் குளித்துவிட்டு ஒரு இலை பறித்து வாயில் போட்டுக்கொள்வேன்.

நவராத்திரி முதல் நாள் அவளை நாலாம் படியில் வைத்தேன், செட்டியார் தம்பதிக்குப் பக்கத்தில். நெய்கிறவளும் விற்கிறவர்களும் அக்கம்பக்கத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். விளக்கேற்றி, சுண்டல் நைவேத்தியம் செய்து உட்கார்ந்த போது அந்த ஒலி வந்தது. யாரும் ஊதவில்லை. நான் இவரைப் பார்த்தேன், இவர் கூரைக்குக் கீழே இருந்த ஏ.சி. வென்ட்டைப் பார்த்தார். அக்டோபரிலும் அங்கே ஏ.சி. ஓடும். காற்று நேராகக் குழாய்க்குள் போகிறது, பாட்டில் வாயில் ஊதுகிற மாதிரிதான் என்று விளக்கினார். எதற்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருக்கும். எனக்கும் அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த கட்டடத்தில் ஒரு டாக்டர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கத்தோலிக்கர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். கணவர் முன்பே மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகனைக் கொழும்பில் தம்பி வீட்டில் விட்டுவிட்டு, சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி, டாலஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் ரெசிடென்ஸிப் பயிற்சிக்கு வந்தவர். கூப்பிட்டுக்கொள்வதற்குள் எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பு எரிந்தது. தம்பி குடும்பம் பின்சுவர் ஏறித் தப்பியது. ஓடுகிற கூட்டத்தில் பையனின் கை தம்பியின் கையிலிருந்து நழுவிவிட்டது. அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. முகாம்களில் தேடினார்கள், ஆஸ்பத்திரிகளில் தேடினார்கள், பிணங்கள் கிடந்த இடங்களிலும் தேடினார்கள். எங்கும் இல்லை. அவனுக்கு அப்போது ஆறு வயது.

அக்காவின் அலமாரியில் ஒரு பக்கம் முழுக்கச் சிறுவர் சட்டைகள் தொங்கும். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு சைஸ் கூட்டி வாங்குவார். வந்து இறங்குகிற அன்றைக்குப் போட்டுக்கொள்ள வேண்டாமா. அவர் போகிற சர்ச்சின் பாதிரியார், பையனின் ஆத்மாவுக்காக ஒரு பூசை வைக்கலாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். இறந்தவர்களுக்கு வைக்கிற பூசை அது. அக்கா பாதியிலேயே எழுந்து வந்துவிட்டார். எங்கள் ஊர் ஆன்ட்டிகள் சிலர், அக்கா காதில் விழும்படியே, எத்தனை நாளைக்கு இப்படி, accept பண்ணிக்கத்தான் வேணும் என்று பேசுவார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். புதைக்க ஒரு விரல் நகம்கூடக் கிடைக்காதவள் எதை வைத்து அழுது முடிப்பாள்? விதவைக்கு வெற்றிலை பாக்கு கொடுக்கிறாளே என்று அதே ஆன்ட்டிகள் முகத்தைச் சுளித்ததால், அந்த வருஷம் அக்காவுக்குத்தான் முதல் தாம்பூலம் கொடுத்தேன்.

அவர் சுண்டல் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த போது ஏ.சி. கிளம்பியது, நெசவுக்காரியும் ஊதினாள். அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"ஆர் பிள்ளை அது?" என்று கேட்டார்.

நான் பொம்மையைக் காட்டி, என் கணவரின் பாட்டில் விளக்கத்தை அப்படியே ஒப்பித்தேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. தன் மகனுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது என்றார். விசிலடிக்கப் பழகுகிறேன் என்று அந்த இடைவெளியில் நாக்கை வைத்து ஊதுவானாம். விசில் வராது, இந்த மாதிரி ஒரு காற்றுதான் வரும். கேட்டில் நின்று அப்படித்தான் அம்மாவைக் கூப்பிடுவானாம்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். சுண்டல் நன்றாக இருக்கிறது என்று ஒரு காரணம் சொல்லுவார், கிண்ணம் அப்படியே இருக்கும். நாலாம் படிக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்து, கூரையில் அந்த ஏ.சி. வென்ட்டின் தட்டி அதிர்கிற வரை காத்திருப்பார். ஒலி வந்ததும் அவர் முகத்தில் வருகிற வெளிச்சத்தை என்னால் பார்க்க முடியாது. எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

வார நடுவில் அக்காவுக்கு விடுமுறை வந்தது. டவுன்டவுனில் ஒரு மியூசியத்தில் இவளைப் போல ஒருத்தியைப் பார்த்த ஞாபகம் என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கொலுவிலிருந்து அவளை எடுக்கக் கூடாது என்பதால் ஒரு போலராய்டு எடுத்துக்கொண்டோம்.

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்ற போது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அது ஒரு கொலு. படி படியாக மண் பொம்மைகள். பழைய மாயா மக்கள் என்று போட்டிருந்தது. பல்லக்கில் ஒரு ராஜா. முழங்காலில் பட்டை கட்டிய பந்தாட்டக்காரன். மேளம் வைத்திருக்கிற ஒரு குள்ளன். மாவு அரைக்கிறவள், மடியில் குழந்தையை வைத்திருக்கிறவள், ஒரு இளம்பெண்ணை அணைத்துக்கொண்டு அசடு வழிகிற ஒரு கிழவன். ஓரத்தில் ஒரு நாய். நம் கொலுவில் யார் யார் உண்டோ அத்தனை பேரும் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் நெற்றி பின்னால் சரிந்திருந்தது. பிறந்த குழந்தையின் தலையைப் பலகைக்கு நடுவில் வைத்துக் கட்டி அப்படி ஆக்குவார்கள், அதுதான் அழகு என்று பக்கத்தில் எழுதியிருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் போது குழந்தையின் மூக்கைப் பிடித்துப் பிடித்து எடுத்துவிடுகிற ஊரில் பிறந்த எனக்கு அதில் அதிசயம் இல்லை. மூன்றாவது வரிசையில் என் நெசவுக்காரியின் உடன்பிறந்தாள் உட்கார்ந்திருந்தாள். அதே தறி, அதே பறவை, அதே நிமிர்ந்த முகம். அப்போது சிரிப்பு நின்றுவிட்டது. அத்தனை பேரும் ஒரே திசையில் காதை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே வேலை பார்த்த ஒரு பெண் எங்கள் போலராய்டைப் பார்த்துவிட்டு நிதானமாகப் பேசினாள். அசலா போலியா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய அச்சில் நேற்று செய்து, மண்ணில் புதைத்து எடுத்து விற்கிறவர்களும் உண்டு. ஆனால் இந்த வகைப் பொம்மைகள் பல ஒரு கடலோரத் தீவில், புதைகுழிகளில் கிடைத்தவை. செத்தவரின் மார்பில் வைத்திருப்பார்கள், அல்லது கையில். குழந்தைகளின் குழிகளிலும் இருந்திருக்கின்றன. நிறையப் பொம்மைகள் விசில், சில கிலுகிலுப்பை. உள்ளே மண் இருந்ததா, அதில் சிப்பி இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றேன். அந்த மண் இப்போது எங்கே, அதைப் பார்த்தால் ஏதாவது சொல்லலாம் என்றாள். துளசித் தொட்டியில் என்று அவளுக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. நாக்கில் காலையில் போட்ட இலையின் காரம் இன்னும் இருந்தது.

எதற்காக விசில் என்று அக்கா கேட்டார். யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்றாள் அந்தப் பெண். கூப்பிடுவதற்காக இருக்கலாம். யார் யாரைக் கூப்பிட என்று அக்கா மறுபடி கேட்டார். அவள் போலராய்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

திரும்பி வரும் போது freeway முழுக்க அக்காதான் ஓட்டினார். துளசித் தொட்டி விஷயத்தை அவரிடம் சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. அக்கா முகம் சுளிக்கவில்லை. எங்கள் exit வந்த போது, ஸ்டீயரிங்கிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"அந்தத் தாய்க்குப் பொம்மை வைக்கப் பிள்ளையின்ர ஒரு கையெண்டாலும் இருந்தது."

அன்று இரவே அவளை எடுத்துவிடலாம் என்றேன் என் கணவரிடம். எனக்குப் பயமாக இருந்தது, அதை ஒளிக்கவில்லை. ஆனால் வைத்த கொலுவை நடுவில் கலைப்பது வழக்கம் இல்லை. பிணத்தோடு போன பொருளை அம்பாளுக்குக் கீழே வைத்தது பாவமா, வைத்த பிறகு எடுப்பது பாவமா என்று எனக்குப் புரியவில்லை. என் கணவர் ஒரு டிஷ்யூவைக் கிழித்து, மெல்லிய துண்டாக நாலாம் படியில் அவள் முதுகுக்குப் பின்னால் பிடித்தார். ஏ.சி. முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. துண்டு அசையவில்லை. இன்னும் கொஞ்சம் மேலே பிடித்தார், பக்கத்தில் பிடித்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டி.வி. பார்க்கப் போய்விட்டார். இந்த முறை விளக்கம் வரவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் ஏ.சி. நின்றுபோனது. ரிப்பேர் ஆள் மறுநாள்தான் வருவான் என்றார்கள். ஜன்னல்களைத் திறந்து வைத்தேன், காற்றே இல்லை. அக்கா வேலைக்குப் போக வேண்டிய நாள் அது. போகவில்லை. இரண்டாவது முறையாக இப்படி லீவ் எடுக்கிறார், ஆஸ்பத்திரியில் எச்சரித்துவிட்டார்கள் என்று அவரே சொன்னார், வேறு யாரைப் பற்றியோ சொல்வது போல. விளக்கேற்றினேன். சுடர் நேராக நின்றது. அக்கா வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். இன்றைக்கு ஒன்றும் கேட்காது, ஏமாற்றத்தோடு போய்விடுவார் என்று எனக்கு ஒரு நிம்மதி.

சுடர் ஆடவில்லை. ஒலி வந்தது. நீளமாக, அடங்கி, மறுபடியும்.

"வாறன் ராசா," என்றார் அக்கா. "அம்மா வாறன்."

நான் எழுந்து போய் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். பொம்மை ஊதியதற்காக இல்லை. தூங்குவதற்கு மாத்திரை எழுதிக் கொடுக்கிற கை, தனியாக இருக்கிற வீடு, இந்தப் பதில். மூன்றையும் சேர்த்துப் பார்க்க எனக்கு டாக்டர் படிப்பு தேவைப்படவில்லை. அன்று அக்காவை வீட்டுக்கு விடவில்லை. எங்கள் சோபாவில் படுக்க வைத்து, நான் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டேன். அந்த ஒலி நின்றுபோனால் அக்கா உடைந்துபோவார். நிற்காவிட்டால் அதன் பின்னாலேயே போய்விடுவார். இரண்டில் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் வெறுமனே கும்பிட்டேன்.

விஜயதசமி அன்று ஏ.சி. சரியாகிவிட்டது. சாயங்காலம் ஆரத்தி எடுத்து முடித்ததும் அக்கா, இனி என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கொலு முடிகிறதே என்ற கவலை அவர் குரலில் தெரிந்தது. எப்படிச் சொல்வது என்று யோசித்துத் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், உள்ளதைச் சொன்னேன்.

"இன்னிக்கு ஒரு பொம்மைய படுக்க வைப்போம் அக்கா. தூங்கப் பண்ணிட்டுத்தான் நாளைக்கு மத்ததெல்லாம் எடுக்கணும். சும்மா அப்படியே தூக்கி pack பண்ணக் கூடாது."

அவர் நாலாம் படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரைப் படுக்க வைப்பீர்?"

"மரப்பாச்சிய. எப்பவும் அதுதான்."

"படுக்க வைக்காட்டி?"

"உக்காந்தே இருப்பாங்க அக்கா. பாவம். ஒன்பது நாளா முழிச்சிட்டு இருக்காங்க."

அக்கா எழுந்து கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். நான் ஏதோ சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன் என்று செருப்பைக்கூடப் போடாமல் பின்னால் ஓடினேன். பார்க்கிங் லாட்டில் பாதி தூரம் போவதற்குள் அவரே திரும்பி வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு சட்டை. நீலக் கட்டம் போட்ட, ரொம்பச் சின்னச் சட்டை. விலைச் சீட்டு காலரில் தொங்கியது. டாலஸ் வந்து இறங்கிய மாதத்தில், ஊருக்கு அனுப்ப வாங்கியதாம். சைஸ் கூட்டி வாங்க ஆரம்பிப்பதற்கு முன்னால் வாங்கிய முதல் சட்டை.

கொலுவுக்கு முன்னால் மண்டி போட்டு, அதை நாலாக மடித்து நாலாம் படியில் விரித்தார். மடிப்புகளை உள்ளங்கையால் நீவிவிட்டார். பிறகு பால்கனிக்குப் போய்த் துளசித் தொட்டியிலிருந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து வந்தார். நான் தடுக்கவில்லை. அவர்கள் வழக்கத்தில் குழியில் ஆளுக்கு ஒரு பிடி மண் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். மண்ணைச் சட்டையின் மேல் தூவினார். அதில் ஒரு சிப்பித் துண்டு விளக்கு வெளிச்சத்தில் மின்னியது.

நெசவுக்காரியை இரண்டு கையாலும் எடுத்து, தலையைத் தாங்கி, பிறந்த குழந்தையைப் போடுகிற பக்குவத்தோடு ஒருக்களித்துப் படுக்க வைத்தார். சட்டைக் கையை எடுத்து அவள் மேல் போர்த்தினார். எத்தனை காலமாகவோ நிமிர்ந்தே இருந்த அந்த முகம் துணிக்குள் திரும்பிக்கொண்டது. என் கணவர் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கையில் காபி டம்ளரோடு.

கூரையில் தட்டி அதிர்ந்தது. ஏ.சி. கிளம்பியது.

மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். காற்றுச் சத்தம் வந்தது, வெளியே ஒரு கார் போன சத்தம் வந்தது. ஏ.சி. ஓடி முடித்துத் தானாக நின்றது. வேறு ஒன்றும் இல்லை.

"நித்திரையாப் போனான்," என்றார் அக்கா.

பிறகு சேலைத் தலைப்பால் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்குக் கோயிலுக்குப் போய்ப் பாதிரியாரைப் பார்க்க வேண்டும், பிள்ளைக்கு ஒரு பூசைக்குச் சொல்ல வேண்டும், கூட வருகிறீரா என்று என்னைக் கேட்டார். வருகிறேன் என்றேன். அதற்கு அப்புறம்தான் அவர் அழுதார்.